பத்து ரூபாய்ப் பங்கு: தூத்துக்குடி நாடார் வங்கியின் நூறாண்டு

நாடார் வங்கி என்ற பெயரில் பிறந்த தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி பங்குச் சந்தைக்குப் போவதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை அதன் செலுத்தப்பட்ட மூலதனம் வெறும் 28 லட்சத்து 44 ஆயிரத்து 540 ரூபாய்தான். பத்து ரூபாய் முகமதிப்பில் 2,84,454 பங்குகள். ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் வைப்புத்தொகை வைத்திருந்த வங்கியின் உரிமை முழுவதும் இந்தச் சிறு எண்ணிக்கைக்குள் அடங்கிக் கிடந்தது. தூத்துக்குடியில் இன்று சுமாரான ஒரு வீடு வாங்குவதற்கே அந்தத் தொகை போதாது. ஆனால் அந்தப் பங்குகளில் ஏறத்தாழ 67 சதவீதம் 1994-ல் வெளியாருக்குக் கைமாறியது என்ற செய்தி வந்தபோது தென்மாவட்டங்கள் கொதித்தன. வங்கியை மீட்போம் என்று கூட்டங்கள் நடந்தன, நிதி திரட்டப்பட்டது, வழக்குகள் போடப்பட்டன. அன்று தொடங்கிய வழக்குகளின் வால் 2022-ல் வங்கி பொதுப் பங்கு வெளியிட்டபோதும் அறுபடவில்லை.

யாருடைய வங்கி அது? வங்கியைத் தொடங்கிய சமூகத்தைக் கேட்டால் ‘எங்களுடையது’ என்று சொல்லும். பங்குப் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த குடும்பங்களும் அதையே சொல்லும். கம்பெனிச் சட்டத்துக்கு இந்த இரண்டு பேச்சும் காதில் விழாது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர் பங்குதாரர், அவ்வளவுதான். நாடார் வங்கியின் நூறாண்டுக் கதையை இந்த முரண்பாட்டை வைத்துப் படித்தால்தான் விளங்கும் என்பது என் எண்ணம். சமூக உணர்ச்சி அந்த வங்கியை அந்நியர் கையில் போகாமல் காத்தது. அதே உணர்ச்சிதான் கால் நூற்றாண்டுக்கு மேல் அதன் கால்களைக் கட்டியும் வைத்தது.

வங்கிக்கு முன்னால் மகமை இருந்தது. திருச்செந்தூர்ப் பகுதியின் தேரிக்காட்டுப் பனையிலிருந்து கருப்பட்டியும், கடற்கரையிலிருந்து உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு வடக்கே போன நாடார் வணிகர்கள் வழிநெடுகப் பேட்டைகள் அமைத்தார்கள். மாட்டுவண்டியும் சரக்கும் இரவில் பத்திரமாகத் தங்குவதற்கான மதில் சூழ்ந்த இடம் பேட்டை. அதைப் பயன்படுத்துகிறவர் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை கொடுப்பார். அதுதான் மகமை. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, சாத்தங்குடி என்ற ஊர்களில் இந்தப் பணம் உறவின்முறை என்ற ஊர்ச் சமூக அமைப்பின் பொதுச்சொத்தாகச் சேர்ந்தது. அதிலிருந்து கோவில் கட்டினார்கள், கிணறு வெட்டினார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். விருதுநகரில் 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை மகமையாலும் வீடுதோறும் வாங்கிய பிடி அரிசியாலும் வளர்ந்தது. காமராஜர் படித்த பள்ளி அது.

மகமை என்பது வட்டி இல்லாத, பங்கு இல்லாத, வாரிசு உரிமையும் இல்லாத பொதுநிதி. அதில் போட்ட பணத்தை யாரும் விற்க முடியாது. இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு வந்த வங்கி இதே மக்களின் இதே பழக்கத்திலிருந்துதான் பிறந்தது. ஆனால் அது எடுத்துக்கொண்ட உருவம் வேறு.

ஏன் தனியாக ஒரு வங்கி? கையில் பணம் சேர்ந்த பிறகும் மரியாதை சேரவில்லை. கமுதி கோவிலுக்குள் நாடார்கள் நுழைந்தது பற்றிய வழக்கு மதுரை நீதிமன்றத்திலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. 1899 ஜூன் மாதம் சிவகாசி சூறையாடப்பட்டது. 1910-ல் பொறையாறு ரத்தினசாமி நாடார் முன்நின்று நாடார் மகாஜன சங்கத்தை அமைத்தார். சங்கம் கூடிய இடங்களில் கல்வியும் வணிகமும் முக்கியப் பேச்சாயின. சரக்கு நம்முடையது, உழைப்பு நம்முடையது, கடனுக்கு மட்டும் ஏன் அடுத்தவர் வாசலில் நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு விடையாகத்தான் வங்கி யோசனை பிறந்தது.

அடுத்தவர் வாசல் என்றால் எவை எவை? தூத்துக்குடிக்கு ரயில் 1870-களின் நடுவில் வந்துவிட்டது. கரிசல் காட்டுப் பருத்தியைக் கொழும்புக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதி செய்யும் துறைமுகமாக ஊர் வளர்ந்தது. 1880-களில் ஹார்வி சகோதரர்களின் கோரல் மில் எழுந்தது. வெள்ளைக்கார நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்க மதராஸ் வங்கி இருந்தது. 1921 ஜனவரியில் அது மற்ற இரண்டு மாகாண வங்கிகளோடு இணைந்து இம்பீரியல் வங்கியானது. உள்ளூர்க்காரருக்கு நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக்கடை உண்டு. அங்கே கடன் கிடைப்பது முகமறிந்த நம்பிக்கையைப் பொறுத்தது. கருப்பட்டிக் கமிஷன் மண்டிக்காரருக்கோ புதிதாகக் கடை போட்டவருக்கோ அந்த நம்பிக்கை எளிதில் வாய்க்காது.

அந்த நாளில் ‘குடும்ப வங்கி’ என்ற சொல் தென்னிந்தியர் காதில் இனிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சென்னையில் மூன்று தலைமுறையாகப் பெயர் பெற்றிருந்த அர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபர் 22-ம் தேதி கதவை மூடியது. ஓய்வூதியக்காரர்கள், விதவைகள், கோவில் நிர்வாகங்கள், சிறு ஜமீன்தார்கள் என்று ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு அதோடு போயிற்று. அதன் லண்டன் பங்காளி ரயில் முன் விழுந்து இறந்தார். சென்னைப் பங்காளியான சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. அந்தச் சரிவின் சூட்டில்தான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று 1907-ல் இந்தியன் வங்கி தொடங்கப்பட்டது. அர்பத்நாட் பங்காளிகளுக்கு வரம்பற்ற பொறுப்பு இருந்தது. சொந்தச் சொத்தே ஈடு என்றாலும் அது வைப்பாளரைக் காக்கவில்லை. லண்டனில் 1672-ல் தொடங்கிய ஹோர் வங்கி இன்றும் அதே குடும்பத்தின் கையில், அதே வரம்பற்ற பொறுப்போடு நடக்கிறது. ஆகவே உருவத்தை மட்டும் வைத்து நல்ல வங்கி, கெட்ட வங்கி என்று பிரித்துவிட முடியாது.

தூத்துக்குடிக்குக் கூட்டுப் பங்கு என்பது புதிதும் அல்ல. வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை ஆரம்பித்தபோது 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், பத்து லட்சம் ரூபாய் மூலதனம் என்று திட்டமிட்டார். கப்பல் வந்தது. கூடவே கட்டணப் போட்டியும் சிறையும் வந்தன. சில ஆண்டுகளில் கம்பெனி கலைந்தது. பத்து, பதினைந்து ஆண்டுக்குள் அதே ஊரில் மறுபடியும் பங்குப் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனவர்களின் துணிச்சலை வங்கி வரலாறு எழுதுகிறவர்கள் போதுமான அளவு சொல்வதில்லை.

1921 மே 11-ம் தேதி, 1913-ம் ஆண்டு இந்தியக் கம்பெனிகள் சட்டத்தின் கீழ் ‘நாடார் வங்கி லிமிடெட்’ பதிவானது. நவம்பர் 4-ம் தேதி இயக்குநர்கள் கூடி எம்.வி. சண்முகவேல் நாடாரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து, நவம்பர் 11-ம் தேதி, தெற்கு ராஜா தெருவிலுள்ள அனா மாவன்னா கட்டடத்தில் டி.வி. பாலகுருசாமி நாடார் வங்கியைத் திறந்து வைத்தார். இம்பீரியல் வங்கி பிறந்த அதே ஆண்டு இது. ஒன்று பேரரசின் கஜானாவை வைத்திருந்தது. மற்றொன்று மண்டிக்காரர்களின் அன்றாட வசூலை வைத்திருந்தது.

இந்த வங்கியைக் குடும்ப வங்கி என்று சொல்வது சரியா? ஒரு குடும்பத்தின் சொத்தாக அது எந்நாளும் இருந்ததில்லை. ஆனால் அதன் பங்குகள் சில நூறு வணிகக் குடும்பங்களுக்குள் தங்கின. கொடுக்கல் வாங்கல், சம்பந்தம், உறவின்முறை எல்லாம் ஒன்றோடொன்று பின்னிய வட்டம் அது. இயக்குநர் பதவியும் அந்த வட்டத்துக்குள்தான் சுற்றியது. கரூரில் 1916-ல் தொடங்கிய கரூர் வைசியா வங்கி, அதே ஊரில் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, மதுரையில் கருமுத்து தியாகராசர் 1943-ல் நிறுவிய பாங்க் ஆஃப் மதுரா, எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியாரின் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி (1937) என்று தமிழகத்து வங்கிகளின் பிறப்பு எல்லாமே ஏதோ ஒரு குடும்பத்தையோ சமூகத்தையோ ஒட்டியதுதான். கரூர் வைசியா வங்கியைப்போல் நாடார் வங்கியும் சாதியைப் பெயரிலேயே எழுதிக்கொண்டது.

முதல் கால் நூற்றாண்டில் அது ஆமை நடைதான் நடந்தது. 1937-ல் கொழும்பில் ஒரு கிளை திறந்தது, 1939-ல் மூடியது. 1947 வரை தூத்துக்குடி, மதுரை, சிவகாசி, விருதுநகர் என்று நான்கே கிளைகள். சிவகாசியும் விருதுநகரும் மகமை திரண்ட அதே ஊர்கள்தான் என்பதைக் கவனியுங்கள். இந்த மெத்தனத்தைக் குறை சொல்கிறவர்கள் அந்தக் காலத்து வங்கிச் சவக்காட்டையும் பார்க்க வேண்டும். திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி பெரிதாக வளர்ந்து 1938-ல் விழுந்தது. பாலாய் சென்ட்ரல் வங்கி 1960-ல் மூடப்பட்டது. அதைத் தொடர்ந்து ரிசர்வ் வங்கி சிறு வங்கிகளைப் பெரிய வங்கிகளோடு இணைக்கத் தொடங்கியது. 1962 ஜனவரியில் வைப்புத்தொகைக் காப்பீடு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் நாடார் வங்கி தன் பெயரைத் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று மாற்றிக்கொண்டது. பெயரில் இருந்த சாதி போனது. பங்குப் பதிவேட்டில் இருந்தது போகவில்லை.

வங்கியின் பெயர் மாறியதால் கடன் கேட்கிறவன் வாழ்க்கையில் என்ன மாறுகிறது என்று பார்க்க நகரத்தை விட்டு வடக்கே போக வேண்டும். தூத்துக்குடியிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் வாக்கில் தருவைகுளம். வழியெல்லாம் உப்பளம், வெயிலில் கண் கூசும் உப்பு அம்பாரங்கள். ஊரில் கரையோரம் படகுகள். வழிவலை கட்டிக் கடலில் பல நாள் தங்கிச் சூரையும் சீலாவும் பிடித்து வருகிறவர்கள் உள்ள ஊர். மீன் கரையேறியதும் ஏலம். இந்தக் கரை நெடுகிலும் படகுக்காரருக்கும் ஏலக்காரருக்கும் உள்ள உறவு வெறும் வாங்கல் விற்றல் உறவு அல்ல. இன்ஜினுக்கும் வலைக்கும் முன்பணம் கொடுத்தவர் அவர்தான். முன்பணத்துக்கு வட்டி என்று தனியாக எதுவும் எழுதப்படுவதில்லை. ஒவ்வொரு ஏலத்திலும் கமிஷன் கழிகிறது, மீனை வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது என்ற கட்டு இருக்கிறது. முத்துக்குளித்த காலத்தில் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளித்தவர்களுக்கும் என்று பிரிந்தது. அந்த ஒரு பங்கிலும் படகு முதலாளியான சம்மாட்டியின் கடன் முதலில் கழிந்தது. 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நின்றே போயிற்று. கழிவு மட்டும் வேறு பெயரில் தொடர்கிறது.

ஏலக்காரருக்குக் கடன் கொடுத்தவர் யார்? மேலே இன்னொரு வியாபாரி, அவருக்கும் மேலே ஏதோ ஒரு வங்கியின் ஓவர்டிராப்ட். மண்டிக்காரர்களுக்காகப் பிறந்த வங்கிகள் இந்தச் சங்கிலியின் மேல்கண்ணியைத்தான் பிடித்திருந்தன. கடலில் இறங்குகிறவன் அவற்றின் கணக்கில் நேராக வருவது பெரும்பாலும் ஒரே ஒரு மேசையில்தான். அது நகைக்கடன் மேசை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. தடை முடிந்து படகு இறங்க டீசல் வேண்டும், ஐஸ் வேண்டும், பழுது பார்த்த கூலி கொடுக்க வேண்டும். வீட்டுப் பெண் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு வருகிறாள். மதிப்பீட்டாளர் உரைகல்லில் இழுத்துப் பார்க்கிறார், கல் எடையையும் அரக்கு எடையையும் கழிக்கிறார், மிஞ்சிய கிராமை அன்றைய விலையால் பெருக்குகிறார். அதில் முக்கால் பங்கு வரை கொடுக்கலாம் என்பது நெடுநாள் வழக்கிலிருந்த ரிசர்வ் வங்கி வரம்பு. சாதி கேட்காத, சிபாரிசு கேட்காத கடன் இது. தென்தமிழ்நாட்டுச் சிறு வங்கிகள் பலவும் கவிழாமல் நின்றதற்கு இயக்குநர்களின் சாமர்த்தியத்தைவிட இந்தச் சங்கிலிகளே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். ஈடு கையில் இருக்கிறது, வாங்கியவள் எப்படியும் திருப்ப வருவாள்.

1969-ல் 50 கோடிக்கு மேல் வைப்புத்தொகை வைத்திருந்த பதினான்கு வங்கிகள் நாட்டுடைமையாயின. இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அதில் போயின. 1980-ல் 200 கோடி வரம்பில் இன்னும் ஆறு. தூத்துக்குடி வங்கி இரண்டு முறையும் சிறியதாக இருந்ததால் தப்பியது. லாபத்தைப் பங்குதாரருக்கு அதிகம் பிரித்துக் கொடுக்காமல் காப்புநிதியில் சேர்த்துச் சேர்த்து வளர்ந்தது. புதுப் பங்கு வெளியிட்டு மூலதனம் கூட்டுவதில் மட்டும் தயக்கம். வெளியிட்டால் வெளியார் வருவார்களே.

சிக்கல் உள்ளிருந்துதான் வந்தது. தாத்தா வாங்கிய நூறு பங்கு நான்கு மகன்களுக்குப் பிரிந்து, பேரன்களிடம் ஐந்தும் பத்துமாகச் சிதறுகிறது. ஒரு பேரன் சென்னையில் இருக்கிறான், இன்னொருவன் பம்பாயில். பத்து ரூபாய்ப் பங்குக்கு வருகிற ஈவுத்தொகை கைச்செலவுக்கே காணாது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாததால் விலை இன்னதென்று யாருக்கும் தெரியாது. இந்த நிலையில் ஒருவர் வந்து முகமதிப்பைப்போல் பல மடங்கு கொடுக்கிறேன் என்கிறார். விற்றவனைத் துரோகி என்று மேடையில் திட்டுவது எளிது. ஆனால் சொத்தின் உண்மையான மதிப்பை உரியவனுக்கே காட்டாத அமைப்பு அவனிடம் விசுவாசத்தை எதிர்பார்த்ததுதான் வேடிக்கை. மகமைப் பணத்தை யாரும் விற்க முடியாது. பங்கை விற்கலாம். 1921-ல் எடுத்த அந்த ஒரு முடிவின் மறுபக்கம் எழுபது ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது.

1994-ல் மும்பையின் எஸ்ஸார் குழுமம் ஏறத்தாழ 67 சதவீதப் பங்குகளை வாங்கியது. அதே ஆண்டில்தான் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டு, தனியொரு பங்குதாரரின் வாக்குரிமை வரம்பு 1 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக உயர்ந்தது என்பது தற்செயல்தான். ஆனாலும் சுவையான தற்செயல். அன்று எத்தனை பங்கு வாங்கினாலும் ஒருவர் பெயரில் வாக்கு அந்த வரம்பைத் தாண்டாது. இவ்வளவு பெரிய கைமாற்றத்துக்கு ரிசர்வ் வங்கியின் இசைவும் தேவை. பின்னாளில், 2012-ம் ஆண்டுத் திருத்தத்தில், ஐந்து சதவீதமும் அதற்கு மேலும் வாங்க முன்அனுமதி என்று 12பி பிரிவாகவே அது சட்டத்தில் ஏறிவிட்டது. சமூகத்தின் எதிர்ப்பும் ஒழுங்குமுறையாளரின் தயக்கமும் ஒன்று சேர்ந்ததில் பங்குகளை வைத்திருந்தும் வங்கியை ஆள முடியாத நிலை எஸ்ஸாருக்கு ஏற்பட்டது.

பங்குகள் அங்கிருந்து சி. சிவசங்கரனின் ஸ்டெர்லிங் குழுமத்துக்குப் போயின. மீட்புக்காக நாடார் மகாஜன வங்கிப் பங்கு முதலீட்டாளர்கள் மன்றம் என்ற அமைப்பு உருவானது. வணிகர்களிடம் பணம் திரட்டி, போன பங்குகளில் ஒரு பகுதியை விலை கொடுத்து வாங்கியது. தாத்தாக்கள் பத்து ரூபாய்க்கு வாங்கியதைப் பேரன்கள் பல நூறு மடங்கு கொடுத்து மீட்டார்கள். மீதியிருந்த 95,418 பங்குகள், அதாவது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு, 2007-ல் கைமாறின. அவற்றில் 46,862 பங்குகள் ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்களின் பெயருக்குப் போயின. அந்நியச் செலாவணி விதிகள் மீறப்பட்டனவா என்று அமலாக்கத் துறை இறங்கி, 2020-ல் வங்கி உட்படச் சிலருக்கு அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன.

இந்தப் போரில் வென்றது யார் என்று கேட்டால் வக்கீல்கள் என்று சொல்லிச் சிரிக்கிறவர்கள் ஊரில் உண்டு. சிரிப்பை விட்டுவிட்டு இழப்பைப் பார்க்கலாம். ஆண்டுப் பொதுக்கூட்டம் கூட்டுவதே நீதிமன்ற விவகாரமானது. இயக்குநர் தேர்தல் ஒவ்வொன்றும் அணிகளின் பலப்பரீட்சை. மூலதனம் பழைய 28 லட்சத்திலேயே நின்றது. ஒரு பங்குக்கு 500 பங்கு என்று வங்கி போனஸ் கொடுத்த பிறகுதான் அது 142 கோடியைத் தாண்டியது. அதுவும் புதுப் பணமல்ல, காப்புநிதியில் கிடந்தது மூலதனக் கணக்குக்கு இடம் மாறியது. அப்போதும் சட்டம் கேட்ட அளவு வரவில்லை. அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் 500 கோடி என்றால், பங்குதாரர் ஏற்ற மூலதனம் அதில் பாதியாவது இருக்க வேண்டும் என்கிறது வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12-ம் பிரிவு. அதைக் காட்டி 2019-ல் ரிசர்வ் வங்கி புதுக் கிளைகள் திறக்கத் தடை போட்டது. நல்ல லாபத்தில் ஓடிய வங்கிக்கு, பங்குச் சண்டையின் காரணமாக இப்படி ஒரு பூட்டு.

‘வெளியார் வாங்கியிருந்தால் இன்னும் வளர்ந்திருக்கும்’ என்ற வாதத்தையும் எடை போட வேண்டும். பாங்க் ஆஃப் மதுரா 2001-ல் ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்தது. பங்குதாரருக்கு நல்ல விலை கிடைத்தது. மதுரையிலிருந்து ஒரு வங்கித் தலைமையகம் காணாமல் போனது. லட்சுமி விலாஸ் வங்கியின் கதை இன்னும் கசப்பு. பங்குச் சந்தையில் பட்டியலான வங்கி, பெரிய கம்பெனிகளுக்குப் பெரிய கடன் கொடுத்துப் பார்த்த வங்கி அது. 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டபோது வைப்பாளர் பணம் தப்பியது, பங்குதாரரின் முதலீடு முழுவதும் பூஜ்யமானது. தூத்துக்குடி வங்கிக்கு அந்தக் கதி வராததற்கு வெளியாரை உள்ளே விடாத பிடிவாதம் காரணமா, சிறு வணிகரையும் விவசாயியையும் நகைக்கடனையும் விட்டு நகராத பழக்கம் காரணமா? இரண்டாவது என்பதே என் தீர்ப்பு. 1994-ல் கைமாறிய பங்குகளோடு நிர்வாகமும் கைமாறி, வைப்பாளர் பணம் ஏதேனும் ஒரு தொழில் குழுமத்துக்குக் கடனாகப் பாய்ந்திருந்தால் அந்தப் பழக்கம் நிலைத்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த வகையில் மேடையில் தொண்டை கிழியக் கத்தியவர்கள் செய்தது வீண்வேலை அல்ல.

2022 மார்ச் கணக்குப்படி வங்கிக்கு 509 கிளைகள், அவற்றில் 369 தமிழ்நாட்டில். வைப்புத்தொகை சுமார் 44,900 கோடி ரூபாய். நிகர லாபம் 822 கோடி. வாடிக்கையாளர் சுமார் 50 லட்சம் பேர், அவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கணக்கு வைத்திருப்பவர்கள். அவர்களில் எல்லாச் சாதியும் எல்லா மதமும் உண்டு. உரிமைச் சண்டை எந்த மாடியில் நடந்தாலும் கீழே கவுண்டரில் வரிசை கலையவில்லை என்பதற்கு அந்தக் கடைசிப் புள்ளிவிவரமே சாட்சி.

அந்த ஆண்டு செப்டம்பரில் பொதுப் பங்கு வெளியீடு வந்தது. 1 கோடியே 58 லட்சத்து 40 ஆயிரம் புதுப் பங்குகள், ஒன்று 510 ரூபாய், மொத்தம் 808 கோடி. எல்லாம் புதுப் பங்கு. பழைய பங்குதாரர் யாரும் அந்த வெளியீட்டில் விற்கவில்லை. வங்கிக்குப் புரமோட்டர் என்று சட்டப்படி அடையாளம் காட்டத்தக்கவர் எவரும் இல்லை என்று வெளியீட்டு ஆவணத்தில் எழுதியிருந்தது. பத்திரிகைகளில் நாற்பது ஆண்டாக ‘நாடார் சமூகத்தின் வங்கி’ என்று எழுதியவர்கள் அந்த வரியைப் படித்துவிட்டு ஒரு நிமிடம் யோசித்திருப்பார்கள். அதே ஆவணம் இன்னொன்றையும் சொன்னது. இருக்கிற பங்குகளில் 37.73 சதவீதம் வழக்குகளில் சிக்கியிருக்கிறது. செப்டம்பர் 15-ம் தேதி பங்கு பட்டியலானது. விலை துள்ளவில்லை. அடுத்த நிதியாண்டில் லாபம் முதல்முறையாக ஆயிரம் கோடியைத் தாண்டியது.

தென்மாவட்டத்து வாசகர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுப் பழைய இரும்புப் பெட்டியில் ‘நாடார் வங்கி லிமிடெட்’ என்றோ மெர்க்கன்டைல் வங்கி என்றோ அச்சடித்த பங்குப் பத்திரம் கிடந்தால் அதைப் பழைய காகிதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். போனஸுக்கு முந்தைய ஒரு பங்கு இன்று 501 பங்கு. வெளியீட்டு விலைப்படி அது 2,55,510 ரூபாய். ஏழு ஆண்டு தொடர்ந்து ஈவுத்தொகையைக் கேட்டு வாங்காமல் விட்டால், 2013-ம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 124-வது பிரிவின்படி அந்தப் பங்குகளும் மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்படும். மாற்றப்பட்ட பிறகும் உரிமை போய்விடாது. வாரிசுச் சான்றும் பத்திர எண்ணும் வைத்து விண்ணப்பித்தால் திரும்பக் கிடைக்கும். முதல் வேலையாக, பத்திரத்தில் இருக்கும் பெயரையும் எண்ணையும் எழுதிக்கொண்டு வங்கியின் தூத்துக்குடித் தலைமையகப் பங்குப் பிரிவுக்கு ஒரு கடிதம் போடுங்கள்.